புஷ் பெட்டிக்கு எவ்வளவு கேட்கலாம்?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பப்பாவிடம் ஒரு வால்வு றேடியோ (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஒளிரும் பழைய வகை) இருந்ததாம். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தபோது வீட்டில் இல்லை. இப்போது வேலையில் சேர்ந்து 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். லண்டனில் ஒருவர் இணைய ஏலத்தில் போட்டிருக்கும் மண்ணிற பேக்கலைட் (பழைய காலத்துப் பிளாஸ்ரிக்) புஷ் டிஏசி 90ஏ றேடியோ ஒன்று அவருடைய கண்ணில் பட்டிருக்கிறது. விலை 38 பவுணில் நிற்கிறது, முடிய நான்கு நாள் இருக்கிறது. "பரிசோதிக்கவில்லை, விளக்கு எரிகிறது" என்று விற்பவர் எழுதியிருக்கிறார். எவ்வளவு வரை கேட்கலாம், கடைசி நேரத்தில் மற்றவர்களை எப்படி முந்துவது, வந்து சேர்ந்தால் இங்கே பாடுமா என்று மூன்று கேள்விகள்.

தம்பி, முதல் கேள்விக்கு என் பதில் 31 பவுண். ஏற்கனவே 38 ஆகிவிட்டதே என்பீர்கள். ஆகிவிட்டதுதான். கணக்கைப் பாருங்கள்.

ஒரு பவுணைச் சுமாராக 400 ரூபாய் என்று வைத்தால் உங்கள் கையிருப்பு 150 பவுண். அதில் 15,000 ரூபாயை, அதாவது 37 பவுண் சொச்சத்தை, முதலிலேயே ஒரு கடித உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அது திருத்தக் கூலிக்கும் கண்டென்சர் (மின்னைத் தேக்கும் சிறு உறுப்பு), வால்வு முதலியவற்றுக்கும். எழுபது வயதுப் பெட்டி எதுவும் செலவில்லாமல் பாடாது. மிச்சம் 112 பவுண். சுங்கத்தில் வரி கணக்கிடும்போது பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை, அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கே வரி. வற் மட்டும் 18 வீதம், அதற்கு மேல் வேறு தீர்வைகளும் வரலாம். சரியான வீதத்தைச் சுங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எப்போதும் 30 வீதம் ஒதுக்கிவிடுவேன், குறைவாக வந்தால் எனக்கு இலாபம். அப்படிப் பார்த்தால் விலையும் கூலியும் சேர்ந்து 86 பவுணைத் தாண்டக்கூடாது. பெட்டியை இங்கே அனுப்ப 55 பவுண் என்று விற்பவர் போட்டிருந்தால் றேடியோவுக்கென்று உங்களிடம் இருப்பது 31 பவுண். 150 பவுணோடு புறப்பட்ட மனிதர் 31 பவுணில் வந்து நிற்கிறார்.

ஏலத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் ஏலத்தை வென்றுவிட்டுப் பிறகு மற்றச் செலவைப் பார்க்கிறார்கள். வீட்டு வாசலில் வந்து இறங்கி, பாடத் தொடங்கும் வரைக்குமான முழுச் செலவை ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து வருகிற தொகைதான் உங்கள் உச்சம். அந்தத் தாள் இல்லாமல் ஏலப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

அனுப்பும் கூலி ஏன் இவ்வளவு என்று கேட்டால், கூரியர் நிறுவனங்கள் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். நல்ல திணிப்போடு கட்டிய 45, 40, 35 சென்ரிமீற்றர்ப் பெட்டி 12.6 கிலோ என்று கணக்காகும், தராசில் அது ஆறு கிலோவே இருந்தாலும். றேடியோ என்பது பெரும்பகுதி காற்று. அந்தக் காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம்.

லண்டனில் சித்தப்பா இருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பெட்டி அவருடைய வீட்டுக்குப் போவதற்கு 15 பவுண் என்றால், வரிக்கான ஒதுக்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டாலும் உங்கள் உச்சம் 71 ஆகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவரின் ஒரு சூட்கேஸ் உங்களுக்கு 40 பவுண் பெறுமதி. அவரிடம் கேட்கும்போது இதை நினைத்துக்கொண்டு கேளுங்கள், பதிலுக்குப் பனாட்டும் ஒடியல்மாவும் கொடுத்து அனுப்புங்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இபே போன்ற தளத்தில் பொருள் விவரித்தபடி இல்லாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க 30 நாள் தருகிறார்கள். அந்த நாட்கள் சித்தப்பாவின் வாசலில் பெட்டி இறங்கும்போதே ஓடத் தொடங்கிவிடும். அங்கிருந்து வேறு முகவரிக்கு மீண்டும் அனுப்பிய பொருளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மாசியில் வாங்கி, ஆவணியில் இங்கே திறந்து பார்த்து, வெடிப்பைக் கண்டுபிடித்து என்ன பயன்? ஆகவே சித்தப்பா அதை வந்த அன்றே திறக்க வேண்டும், ஆறு பக்கமும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும், மின்சாரம் மட்டும் கொடுக்கக்கூடாது. கடைசி நிபந்தனையை இரண்டு தரம் சொல்லுங்கள். புலம்பெயர்ந்த சித்தப்பாமாருக்கு எதையும் பிளக்கில் சொருகிப் பார்க்காவிட்டால் நித்திரை வராது.

அடுத்தது ஏலம் கேட்கும் விதம். நம் ஊரில் இரண்டு வகை ஏலம் உண்டு. குருநகரிலோ பாசையூரிலோ விடியற்காலையில் மீன் ஏலம் கூறும்போது போய் நின்று பாருங்கள். வியாபாரி மீனின் செவுளைப் பார்ப்பார், கூடையின் அடியைக் கிளறுவார், இன்றைக்குச் சந்தையில் என்ன விலை போகும் என்பது அவருக்கு வரும் வழியிலேயே தெரியும். தன் விலை தாண்டியதும் வாயை மூடிக்கொண்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவார். முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. மற்றது கோயில் ஏலம். சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஒருவர் பத்தாயிரம் என்பார், எதிர்வீட்டுக்காரர் இருபதாயிரம் என்பார், பழம் இலட்சத்தைத் தொடும். அங்கே அது சரி, விலை என்பது காணிக்கை. அப்பப்பாவின் நினைவோடு ஏலத்துக்கு வருகிற உங்களைப் போன்றவர்கள் மீன் சந்தையில் நின்றுகொண்டு மாம்பழத்துக்குக் கேட்பது போலக் கேட்கிறார்கள். விற்பவருக்கு அது தெரியாது, ஆனால் அவருடைய வங்கிக் கணக்குக்குத் தெரியும்.

இணைய ஏலத்தின் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். உங்கள் உச்சத் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டால், தளம் உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். நீங்கள் 60 என்று எழுதி, அடுத்தவரின் உச்சம் 45 ஆக இருந்தால், நீங்கள் கட்டுவது 45க்கு மேல் ஒரு படி, அதாவது 46 போல. மிச்சம் உங்கள் பையிலேயே இருக்கும். கேட்டவர்களில் இரண்டாமவரின் தொகைதான் விலையை முடிவுசெய்கிறது. வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இத்தகைய ஏலத்தை 1961இல் ஆராய்ந்து எழுதினார். இங்கே ஒருவர் தன் மனதில் உள்ள உண்மையான பெறுமதியை அப்படியே சொல்லிவிடுவதுதான் அவருக்கு நல்லது என்பதுதான் அவர் காட்டியது. 1996இல் நோபல் பரிசும் பெற்றார். அவருக்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டில், முத்திரை சேகரிப்போர் தபால்மூல ஏலங்களில் இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள். பேராசிரியர்கள் கண்டுபிடிக்கும் முன்பே சேகரிப்போர் கண்டுபிடித்துவிட்ட சில விஷயங்களில் இதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஓர் அற்பப் பெருமை.

அப்படியானால் கடைசி நொடியில் ஏன் எல்லோரும் பாய்கிறார்கள்? ஏனென்றால் எல்லோரும் விக்ரி சொன்னபடி நடப்பதில்லை. முதல் நாளே நீங்கள் 50 என்று எழுதினால், இன்னொரு புதியவர் 40, 42, 44 என்று உங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தன்னை ஒருவர் முந்திவிட்டார் என்ற கோபத்திலேயே மேலே ஏறுவார். கடைசி ஐந்தாறு நொடிகளில் ஒரே தடவை கேட்டால் அவருக்குக் கோபப்பட நேரம் இருக்காது. இதுதான் தந்திரம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. தொகையை மட்டும் முழு எண்ணாக வைக்காதீர்கள். பலர் 50, 60 என்று நிறுத்துவார்கள், 60.57 என்று வைத்தவர் 57 பென்ஸால் வெல்வார். ஒரே தொகையை இருவர் வைத்தால் முதலில் வைத்தவருக்கே பொருள்.

கடைசி நொடித் தந்திரத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. லண்டன்காரர்கள் தங்கள் ஏலத்தை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடியும்படி வைக்க விரும்புவார்கள், அப்போதுதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கோடை நேரத்தில் அது நமக்குத் திங்கள் அதிகாலை 12.30. குளிர்காலத்தில் 1.30. அந்த நேரத்தில் கண் எரிய விழித்திருக்கும் மனிதன் நல்ல தீர்மானம் எதையும் எடுக்கமாட்டான்.

2022 பங்குனியில் நான் ஒரு ஜேர்மன் பெட்டிக்குக் கேட்டேன். 13 மணிநேரம் மின்வெட்டு நடந்த நாட்கள் அவை. மாலையில் மின்சாரம் இருந்தபோது என் உச்சத்தை எழுதிவைத்தேன். நள்ளிரவில் விழித்து நின்று தேவைப்பட்டால் கூட்டலாம் என்பது உள்ளே இருந்த எண்ணம். பன்னிரண்டு மணிக்கு வீட்டிலும் இருள், தொலைபேசியிலும் இணைப்பில்லை. திண்ணையில் நுளம்புக்கு விசிறிக்கொண்டு இருந்தேன். காலையில் பார்த்தால் நான்கு பவுணால் தோற்றிருக்கிறேன். விழித்திருந்தால் இன்னும் இருபது கூட்டியிருப்பேன் என்பது எனக்கு நிச்சயம். அந்த ஒரு மாதத்துக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 300ஐ நெருங்கியது, பவுணும் கூடவே ஏறியது. வென்றிருந்தால் வங்கி அட்டைக் கணக்கு வந்த அன்று வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து உச்சத்தை மாலையில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடுவதுதான் என் வழக்கம். கோபக்கார புதியவரால் சில பெட்டிகள் கைவிட்டுப் போகும். போகட்டும்.

உச்சத்தைத் தீர்மானிக்க இன்னொரு கணக்கும் வேண்டும்: அந்தப் பெட்டி மற்றவர்களுக்கு என்ன விலைக்குப் போயிருக்கிறது? விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு யாருக்கும் வரி இல்லை, மூன்று ஆண்டுகளாக 250 பவுண் என்று தொங்கிக்கொண்டிருக்கும் பெட்டிகளை எனக்குத் தெரியும். தேடும் பக்கத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தெரிவுசெய்யலாம், இபேயில் கடந்த 90 நாட்களின் விற்பனை தெரியும். ஒரு பெட்டியை வாங்க நினைத்தால் முதலில் ஒரு மாதம் ஒன்றுக்கும் கேட்காமல் முடிந்த விலைகளைக் கொப்பியில் எழுதிவாருங்கள். டிஏசி 90ஏ அரிய பொருள் இல்லை. இது தவறினால் இன்னொன்று வரும்.

இப்போது படங்களைப் பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், பணம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

1971இல் அமெரிக்க எண்ணெய்க் கம்பனி ஒன்றின் பொறியியலாளர் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுக்கும் கம்பனிகளுக்கு எதிர்பார்த்த இலாபம் ஏன் வருவதில்லை என்பது கேள்வி. நிலத்தின் அடியில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள், ஏலத்தை வெல்பவர் எல்லோரையும்விட அதிகமாக ஊகித்தவர், ஆகவே பிழையாக ஊகித்தவராக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். றேடியோவிலும் அதுதான். ஆறு பேர் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் இடது மூலையில் உள்ள முடி போன்ற வெடிப்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்க்காத ஆறாவது ஆள் வெல்கிறார்.

முதலில் வார்த்தைகள். "பரிசோதிக்கவில்லை" என்று பழைய றேடியோ விற்பவர் எழுதினால், பெரும்பாலும் அவர் சொருகிப் பார்த்திருக்கிறார், அது பாடவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாடியிருந்தால் அதைத்தானே முதல் வரியில் எழுதியிருப்பார்? "விளக்கு எரிகிறது" என்பது உள்ளே மின்சாரம் போகிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. "இரைச்சல் மட்டும் வருகிறது, சின்ன வேலைதான்" என்று ஒருவர் எழுதினால், அந்தச் சின்ன வேலையை ஏன் அவரே செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த விற்பனையாளர் "தாத்தா இறந்தபின் மேல்மாடியிலிருந்து எடுத்தோம், இதைப்பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, சொருகிப் பார்க்கப் பயமாக இருக்கிறது" என்று எழுதுகிறவர். அந்தப் பயம் பெட்டியைக் காப்பாற்றியிருக்கும். பல்லாண்டு சும்மா கிடந்த வால்வுப் பெட்டிக்குத் திடீரென்று முழு மின்சாரம் கொடுத்தால் பழைய மெழுகுக் கண்டென்சர்கள் கசிந்து, இறுதி வால்வையும் ட்ரான்ஸ்போர்மரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். முன் வால்விலிருந்து இறுதி வால்வின் கிரிட் என்ற முனைக்குப் போகும் கண்டென்சர் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பழைய றேடியோ திருத்துவோர் அதற்குப் பெயரே சொல்வதில்லை, "அந்தக் கண்டென்சர்" என்றால் எல்லோருக்கும் புரியும். அதை மாற்றாமல் எந்தப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பின்பக்கப் படம் இல்லாத ஏலத்தில் நான் இறங்குவதில்லை. கேட்டால் நல்ல விற்பனையாளர் மூடியைக் கழற்றிப் படம் அனுப்புவார். அதில் வால்வு இல்லாத வெற்றுத் துளைகள், வெட்டிய வயர், ட்ரான்ஸ்போர்மரைச் சுற்றி உருகி வழிந்த கறுப்புத் தார், துருப்பிடித்த சட்டகம் இவற்றைத் தேடுங்கள். சட்டகத்தில் தூசி ஒரே சீராகப் படிந்திருப்பது நல்ல அடையாளம், யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். வால்வு பல ஆண்டுகள் உழைக்கும், பெரும்பாலானவை இன்றும் கிடைக்கும். கிடைக்காதவை வேறு. அலைவரிசை எழுதிய கண்ணாடி உடைந்திருந்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள். ஹில்வர்சம், லக்சம்பேர்க், அத்லோன் என்று நகரப் பெயர்கள் அச்சடித்த அந்தக் கண்ணாடியை எங்கே போய் வாங்குவீர்கள்? குமிழ்கள் எல்லாம் ஒரே சோடியா என்று பாருங்கள். மரப்பெட்டியானால் குண்டூசித் தலையளவு துளைகளைத் தேடுங்கள், அது புழு. அதை வீட்டுக்குள் கொண்டுவருவது றேடியோவோடு நிற்காது, அம்மாவின் அலுமாரி வரைக்கும் போகும். நிலையம் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும், பச்சையாக ஒளிரும் கண் உள்ள பெட்டியானால், ஒளிரும்போது எடுத்த படம் கேளுங்கள். மங்கிய கண்ணை மாற்றப் போனால் சிலவேளை றேடியோவின் பாதி விலை வரும். பேக்கலைட்டில் குமிழ்த் துளைகளைச் சுற்றியும் அடிப்பக்க மூலைகளிலும் வெடிப்பு வரும், படத்தைப் பெரிதாக்கி அங்கே பாருங்கள். மண்ணிறப் பெட்டியின் மேல் ஒரே ஒரு மினுக்கமான பகுதி தெரிந்தால் அது பசை போட்டுச் செப்பனிட்ட இடமாக இருக்கலாம்.

கட்டி அனுப்பும் விதம் பற்றி விற்பவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். என் முதல் வருடத்தில் வாங்கிய ஒரு பெட்டி ஒற்றைத் தாள் பத்திரிகையால் சுற்றப்பட்டு வந்தது. உள்ளே ட்ரான்ஸ்போர்மர் ஆணியிலிருந்து கழன்று, வழி முழுதும் உருண்டு, வால்வுகளைத் தூளாக்கியிருந்தது. அடையாளமாக வைத்திருந்த அதன் பெயர்த்தகடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவில் நான்கு விரல் திணிப்பு, குமிழ்களைக் கழற்றித் தனிப் பொதியாக. இதற்காக ஐந்து பவுண் கூடத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதைவிட மலிவான காப்புறுதி இல்லை.

இனி உங்கள் புஷ். அழகான பெட்டிதான், மறுக்கவில்லை. 1950இல் வந்தது, நடுவில் துணி போர்த்திய ஒலிபெருக்கியும் வளைந்த மூலைகளுமாக, இங்கிலாந்தில் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால் கொக்குவிலில் தொடங்குகிறவருக்கு இதில் இரண்டு குறை இருக்கிறது.

ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. இது ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் வகை. அதற்குள் மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் ட்ரான்ஸ்போர்மர் கிடையாது, வால்வுகளின் இழைகள் எல்லாம் தொடராகக் கோக்கப்பட்டிருக்கும், உலோகச் சட்டகம் நேரே மின்கம்பியின் ஒரு முனையில் இணைந்திருக்கும். பிளக் மாறிச் சொருகினால் சட்டகம் முழுவதும் 230 வோல்ற். குமிழை இறுக்கும் சின்ன ஆணியில்கூட மின்சாரம் இருக்கும். அதனால்தான் இவ்வகைப் பெட்டிகளில் அந்த ஆணித் துளையை மெழுகால் அடைத்தார்கள். எழுபது ஆண்டில் அந்த மெழுகு போயிருக்கும். நம் வீடுகளில் பிளக் துளைகளின் முனை எது என்பதை யாரும் சோதித்திருக்கவும் மாட்டார்கள். வால்வு வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

மற்றது பாட்டு. டிஏசி 90ஏயில் மத்திய அலையும் நெட்டலையும் மட்டுமே உண்டு. நெட்டலை ஒலிபரப்பு நம் பக்கத்தில் ஒருபோதும் இருக்கவில்லை, ஆகவே பாதி முகம் வெறும் அலங்காரம். மத்திய அலையில் இரவானால் கடல் கடந்து வரும் குரல்கள் உண்டு. திருச்சி 936, தூத்துக்குடி 1053 என்ற எண்கள் பழைய நேயர்களுக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் எல்இடி விளக்கும் சார்ஜரும் அந்த அலையில் போடும் இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சிற்றலை இல்லாத பெட்டியில் உங்கள் அப்பப்பா கேட்டதைத் தேட முடியாது.

மற்ற நாட்டுப் பெட்டிகளிலும் இப்படிச் சிக்கல் உண்டு. 1950களின் ஜேர்மன் மேசைப் பெட்டிகள் ஒலியில் அரசர்கள், கிரண்டிக், டெலிஃபுங்கன், சாபா எதை எடுத்தாலும். ஆனால் பலவற்றில் பண்பலை 100 மெகாஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். நாம் கேட்கும் தமிழ் நிலையங்கள் பல அதற்கு மேலே. ஜப்பானின் உள்ளூர்ப் பெட்டிகளோ 76இல் தொடங்கி 90இல் முடிபவை. அமெரிக்க ஐந்து வால்வுப் பெட்டி மலிவாகக் கண்ணில் படும்: இழைகளுக்கு 12, 12, 12, 50, 35 என்று கூட்டினால் 121 வோல்ற், அவர்களுடைய 120 வோல்ற்றுக்குச் சரியாக அளந்து செய்தது. நம் 230இல் சொருகினால் வால்வு எரிந்துபோகும். விற்பவர் எந்த நாடு என்பதைவிடப் பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள்.

இதிலிருந்துதான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது. 1950களில் இலங்கைக்கு வந்த பிலிப்ஸ், புஷ், மர்ஃபி, ஜிஇசி பெட்டிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கென்று செய்தவை. நெட்டலையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று சிற்றலைகள் வைத்திருப்பார்கள். பெரும்பாலானவற்றில் ட்ரான்ஸ்போர்மரும் உண்டு, பின்னால் வோல்ற்றளவை மாற்றும் கட்டையும் உண்டு. அவை லண்டன் வீடுகளில் இருக்கவில்லை, ஆகவே லண்டன் ஏலத்தில் அரிதாகத்தான் வரும். உங்கள் அப்பப்பாவின் பெட்டியின் சகோதரன் இருந்தால் கண்டியிலோ கொழும்பிலோ சென்னையிலோ ஒரு பரணில் இருக்கிறான். மர்ஃபி, புஷ் பெட்டிகளை இந்தியாவிலேயே செய்தார்கள், அவையும் சிற்றலை உள்ளவை, 230 வோல்ற்றுக்கானவை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிற காலத்தில் அந்த வழி லண்டனைவிடக் கிட்ட. உள்ளூர் விளம்பரத் தளங்களில் ஏலம் இல்லை, பேரம் உண்டு, நேரே போய்ப் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். ஆயிரம் படங்களுக்கு அந்த ஒரு பார்வை சமம். கண்டென்சர்களுக்குக் கொழும்பு முதலாம் குறுக்குத்தெரு போதும்.

யாழ்ப்பாணத்திலேயே தேடுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இங்கே வால்வுப் பெட்டி மிஞ்சியது குறைவு. மிஞ்சியவை ட்ரான்சிஸ்டர்கள். அவற்றில் சிலவற்றின் பின்னால் துளை போட்டு இரண்டு வயர் வெளியே இழுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். 1990இல் மின்சாரம் நின்று, பற்றறியும் தடைசெய்த பொருளான பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட நாட்களின் தழும்பு அது. வெளிநாட்டு ஏலத்தில் அந்தத் துளை குறையாகப் போடப்பட்டு விலை விழும். உங்கள் கையில் அப்படி ஒன்று கிடைத்தால் துளையை அடைக்காதீர்கள், வயரை வெட்டாதீர்கள். என்னிடம் இருப்பவற்றில் நான் யாருக்கும் விற்காதது அப்படியான ஒரு நஷனல் பெட்டிதான், அதன் உள்ளே யாரோ சின்ன டயோட் ஒன்றையும் பற்றவைத்திருக்கிறார்கள்.

முதல் கொள்முதலுக்கு எதையாவது சொல்லுங்கள் என்றால் 1960களின் சிற்றலை உள்ள ட்ரான்சிஸ்டர் பெட்டி ஒன்றைச் சொல்வேன். பாரம் குறைவு, மின்னதிர்ச்சி இல்லை, சூட்கேஸில் வரும். பற்றறி அறையின் படத்தை மட்டும் கட்டாயம் கேளுங்கள், பச்சைப் பூசணம் போலப் படிந்திருந்தால் பற்றறி கசிந்து உள்ளே தின்றிருக்கிறது. ஐரோப்பியப் பெட்டி ஊமையாகக் கிடந்தால் உள்ளே ஏஎஃப் 117 என்ற ட்ரான்சிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் தகரக் கூட்டுக்குள் மயிரிழை போல உலோகம் வளர்ந்து குறுக்குப் பாய்ச்சிவிடும். நான்கு காலில் கவசத்துக்கான ஒன்றை வெட்டிவிட்டால் பல பெட்டிகள் அந்த நிமிடமே பேசத் தொடங்கும். இதை அறியாத விற்பனையாளர்கள் "வேலை செய்யாது" என்று ஐந்து பத்துப் பவுணுக்கு விடுகிறார்கள்.

ஆகவே அந்தப் புஷ், 38 பவுணில் நிற்கிறது, சித்தப்பா வழியாகப் போனால் 71 வரை கணக்கு இடங்கொடுக்கிறது, ஆனாலும் உங்கள் முதல் பெட்டியாக நான் அதைக் கேட்கமாட்டேன். ஏலம் எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் திங்கள் காலையில் பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.